புள்ளி அட்டை

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து
மாரண்டஹள்ளி ரோட்டில் கொஞ்சம் தள்ளி என் கடை.
உரம், விதை, பூச்சிமருந்து.
லைசென்ஸ் என் பெயரில்.
கூட்டம் கெம்பராஜ் பெயரில்.

தை மாதம் கம்பெனிக்காரர் வந்தார்.
ஆயிரம் ரூபாய்க்கு ஒரு புள்ளி,
ஐம்பது புள்ளிக்கு ஹாட்பாக்ஸ்,
ஐந்நூறு சேர்ந்தால் பாங்காக்.
"கஸ்டமரைக் கட்டிப் போடணும் மேடம்."
முளைக்குச்சி எங்கே அடிப்பதென்று
அவர் சொல்லவில்லை.
முந்நூறு அட்டை அச்சடித்தேன்.
அதை மடித்து ஒருவர்
ஸ்பார்க் பிளக்கில் கரி சுரண்டியதைப்
பிறகு பார்த்தேன்.

வேலைக்கிருப்பவர்களுக்கும் ஒரு யோசனை வைத்திருந்தார்:
மாதத்தின் சிறந்த ஊழியர். சுவரில் போட்டோ.
முதல் மாதம் கெம்பராஜ்.
இரண்டாம் மாதமும்.
மூன்றாம் மாதம் அந்தச் சட்டத்தில்
தன்னைக் கழற்றிவிட்டு
லட்சுமி படத்தைச் செருகினான்.
"அவங்களுக்குத்தான் லீவே இல்லீங்க."

சித்திரையில் பேளாரஹள்ளி மாதம்மா
கேரி பேக்கில் நாலு தக்காளி கொண்டுவந்தாள்,
நாலுக்கும் அடி கருப்பு.
என் கையில் எண்ணூற்று நாற்பது ரூபாய் பாட்டில்.
அவன் ஒன்றை நகத்தால் கீறினான்.
"நோவு இல்லக்கா இது.
ஒரு நாள் தண்ணி, நாலு நாள் காய்ச்சல்.
போர் விட்டு விட்டுத்தானே ஓடுது?
அந்தக் காசை மோட்டாருக்குப் போடு."
அவள் போய்விட்டாள்.
பாட்டில் அலமாரிக்குத் திரும்பியது.

அன்றிரவு கணக்கு நோட்டில்
எண்ணூற்று நாற்பதை
அவன் சம்பளத்தில் கழித்து எழுதினேன்.
பிறகு அடித்தேன்.
அடித்தது இன்னும் தெரிகிறது.

ஆவணியில் எதிரே புதுக்கடை.
கண்ணாடிக் கதவு, உள்ளே ஏ.சி.,
சம்பளம் நாலாயிரம் கூட.
கத்திரி விதை எடை போட்டபடியே சொன்னான்:
"பொண்ணை ஓசூர்ல நர்சிங் சேர்த்திருக்கேன்க்கா."
யார் எவ்வளவு பாக்கி என்று
நோட்டைத் திறக்காமல் சொல்வேன் நான்.
பதினொரு வருஷம்
பக்கத்தில் நின்றவனுக்கு
கல்லூரி போகும் வயதில்
மகள் இருப்பது தெரியாது.
நானும் நாலாயிரம் தருகிறேன் என்ற சொல்
பல்லுக்குப் பின்னால் நின்றது.
"போய்ட்டு வா" என்றேன்.

அப்புறம் வந்தவர்கள் எல்லாரும்
வாசலில் ஒரு கணம் நின்றார்கள்.
"கெம்பராஜ் இல்லீங்களா?"
எதிரே கை காட்டினேன்.
யாரும் உடனே திரும்பவில்லை.
என் முகத்துக்காக
ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு
ரோட்டைத் தாண்டினார்கள்.
அந்த ஒரு பாக்கெட்டையும் சேர்த்து வைத்துப்
புள்ளி குத்திக் கொடுத்தேன்.

தக்காளிப் பெட்டி
அறுபது ரூபாய்க்கு இறங்கிய வாரம்,
பஞ்சப்பள்ளிக்காரர் ஒருவர் இலையோடு வந்தார்.
நாகவேணி பழக்கத்தில்
பாட்டிலைப் பையில் போட்டுவிட்டாள்.
பழக்கியது நான்தான்.
இலையைத் திருப்பிப் பார்த்தேன்.
"இன்னும் எத்தனை பறிப்பு இருக்குங்க?"
"ஒண்ணு. அதுவும் கூலிக்குக் கட்டாது."
"அப்ப இது வேண்டாம்."

சொன்னது எனக்கே காதில் விழுந்தது.
வேறு கடைக்குள் வந்துவிட்டது போல
அவர் பெயர்ப்பலகையை எட்டிப் பார்த்தார்.
ஒன்றும் வாங்கவில்லை.
நன்றியும் சொல்லவில்லை.
அட்டையை எடுக்க மறந்து போனார்.

நாகவேணி பாட்டிலை வெளியே எடுத்தாள்.
மூன்று வருஷமாக
விலை தவிர எதுவும் கேட்காத பெண்.
"அக்கா, இலைக்கு அடியில என்ன பார்த்தீங்க?"

காட்டினேன்.
பொடிப் பொடியாய்ச் சிவப்பு,
ஊதினால் நகர்வது.
அவள் அடுத்த கேள்வி கேட்டாள்,
அதற்கடுத்ததும்.
எனக்குப் பாதிதான் தெரியும்.

மீதியைக் கேட்க
இலையைக் கையில் வைத்துக்கொண்டு
ரோட்டோரம் நிற்கிறேன்,
கரும்பு லாரி ஒன்று
போகட்டும் என்று.